இடுப்புவலிக்குப் படுக்கையா? நடையா?
நெய்வேலித் தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டிய விஷயம்

நெய்வேலி என்றதும் நம் கண் முன் நிற்பது என்ன? பாதாளம் போன்ற சுரங்கம். மாடி வீடுகளை விட உயரமான மண்வெட்டி இயந்திரங்கள். இரவு பகலாக ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள். வானத்தைத் தொடும் புகைபோக்கிகள்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு இறக்கினார். தண்ணீரோடு பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு பொருளும் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டு நெய்வேலி நிலக்கரிக் கழகம் அமைக்கப்பட்டது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் அங்கே மின்சாரம் பிறந்தது. அன்று முதல் தமிழ்நாட்டின் விளக்குகள் எரிய நெய்வேலி உழைத்து வருகிறது.

நாம் சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. மின்சாரத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனால் பணத்தால் கட்ட முடியாத விலை ஒன்றும் இருக்கிறது. அந்த விலையில் ஒரு பங்கைக் கொடுப்பது தொழிலாளியின் இடுப்பு!

கனரக வண்டியை ஓட்டுகிறவர் மணிக்கணக்கில் குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பெல்ட் பழுது பார்க்கிறவர் குனிந்து நிமிர்கிறார். கனமான உருளைகளைத் தூக்குகிறார். மூன்று ஷிப்டு முறையால் தூக்கமும் கெடுகிறது. குலுக்கல், குனிதல், பாரம், தூக்கக் குறைவு இவை எல்லாம் இடுப்புவலிக்கு உறவுக்காரர்கள். இது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி.

அந்த வலிக்கு என்ன வைத்தியம் செய்கிறோம்? செய்கிற வைத்தியம் சரிதானா? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

வழக்கமாக நடப்பது என்ன?

ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பது. ஒரு நாள் காலை, குனிந்து எதையோ தூக்குகிறார். "சுரீர்" என்று இடுப்பில் வலி. நிமிர முடியவில்லை.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "வாயுப் பிடிப்பு" என்கிறார் பாட்டி. "சுளுக்கு எடுப்பவரிடம் போங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அசையாமல் படுங்கள்" என்கிறார் மனைவி. மூன்று நாள் கழித்து டாக்டரிடம் போகிறார். படம் எடுக்கிறார்கள். "ஜவ்வு விலகியிருக்கிறது" என்று எழுதி வருகிறது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் குடும்பமே நடுங்கிப் போகிறது!

பிறகு இடுப்பு பெல்ட். பத்து நாள் "கரண்ட்" வைத்தல். இடுப்பை இழுத்துக் கட்டும் இழுவை வைத்தியம். "இனிமேல் குனியாதே, தூக்காதே" என்ற எச்சரிக்கை. வலி கொஞ்சம் குறைகிறது. ஆனால் பயம் குறையவில்லை. குனியப் பயம். நடக்கப் பயம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வேலைக்குப் போன மனிதர் நிரந்தர நோயாளியாகி விடுகிறார்.

இது நம் ஊர்களில் பல வீடுகளில் கண்ட கதை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாட்டி சொன்னது பாசத்தால். மனைவி சொன்னது கவலையால். டாக்டர் எழுதிக் கொடுத்தது பழக்கத்தால். ஆனால் பாசமும் கவலையும் பழக்கமும் மட்டும் நோயைத் தீர்க்குமா? ருசு வேண்டாமா?

ருசு கேட்ட சென்னை

"ருசு" என்றால் கோர்ட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். வைத்தியத்துக்கும் ருசு உண்டு. அதைத் தேடுவதில் உலகத்துக்கே வழி காட்டிய ஊர்களில் ஒன்று நம் சென்னை!

1950-களில் காசநோய் என்றால் என்ன வைத்தியம்? ஊருக்கு வெளியே ஒரு சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கை ஓய்வு இல்லாமல் காசநோய் குணமாகாது என்று பெரிய பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். ஆனால் நோயாளிகளோ பல லட்சம். அத்தனை பேருக்கும் கட்டில் எங்கே?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. 193 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் வைத்தியம். மற்றப் பிரிவுக்கு வீட்டிலேயே வைத்தியம். இருவருக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டுக்கு.

வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடு. அரை வயிற்றுச் சாப்பாடு. முழு ஓய்வும் இல்லை. முடிவு என்ன ஆனது தெரியுமா? இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் அடைந்தன! 1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகம் திடுக்கிட்டது. சானடோரியப் படுக்கை இல்லாமலே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று தெரிந்தது. வைத்தியம் ஏழையின் வீட்டு வாசலுக்கு வந்தது.

அனுபவசாலிகள் எல்லாரும் நம்பிய ஒரு விஷயத்தைக் கூட, நேர்மையாகச் சோதித்துப் பார்த்தால் மாற்றிக்கொள்ள வேண்டி வரலாம். இதுதான் சேத்துப்பட்டு நமக்குச் சொல்லும் பாடம்.

இடுப்புக்கும் அதே சோதனை

இதே கேள்வி இடுப்புவலிக்கும் வந்தது. படுக்கை நல்லதா?

1986-ல் அமெரிக்காவில் 203 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள். மற்றப் பிரிவினரை 7 நாள் படுக்கச் சொன்னார்கள். வலி தீர்ந்ததில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2 நாள் பிரிவினர், மற்றவர்களை விட 45 சதவீதம் குறைவான வேலை நாட்களையே இழந்தார்கள்.

1995-ல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. திடீரென்று இடுப்புவலி வந்த 186 பேர். ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை. ஒரு பிரிவுக்கு முதுகுக்கான பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு, வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்து வரும்படி யோசனை. ஜெயித்தது யார்? மூன்றாவது பிரிவு! எல்லாரையும் விட மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

சரி, அந்தப் படம் சொன்ன "ஜவ்வு விலகல்"? 1994-ல் அமெரிக்காவில் இடுப்புவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 52 சதவீதம் பேருக்கு, ஜவ்வு பிதுங்கியிருந்தது! ஆனால் அவர்களுக்கு வலியே இல்லை. தலை நரைப்பது போல, வயதாக ஆக முதுகின் ஜவ்வும் மாறுகிறது. நரைத்த முடியைப் பார்த்து "தலைவலிக்கு இதுதான் காரணம்" என்று யாராவது சொல்வார்களா? படம் பொய் சொல்லாது. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் நோய் ஆகிவிடாது.

வழிகாட்டி என்றால் என்ன?

இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சோதனைகளை நிபுணர்கள் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறார்கள். எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று எடை போடுகிறார்கள். பிறகு டாக்டர்களுக்கும் பிசியோதெரபி நிபுணர்களுக்கும் தெளிவான யோசனைகளை எழுதித் தருகிறார்கள். இதற்குத்தான் சிகிச்சை வழிகாட்டி என்று பெயர்.

2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020-ம் ஆண்டில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக அது கணக்குச் சொன்னது. பதின்மூன்று பேரில் ஒருவர்!

அது சிபாரிசு செய்வது என்ன? நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லி, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளப் பழக்குவது. உடற்பயிற்சி. தேவையானவர்களுக்குக் கைகளால் செய்யும் சிகிச்சை, பிடித்து விடுதல். பயத்தையும் மனச்சோர்வையும் போக்கும் ஆலோசனை. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் சில மாத்திரைகள்.

வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அது சொல்வது என்ன? இடுப்பு பெல்ட். இழுவை வைத்தியம். அல்ட்ராசவுண்டு ஒத்தடம். தோலில் பட்டை ஒட்டி மின்சாரம் செலுத்தும் சிகிச்சை. அபின் வகை வலி மருந்துகள்.

பார்த்தீர்களா! நம் தொழிலாளி பெற்ற வைத்தியத்தையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வேண்டாம்" என்று சொன்ன பெரும்பாலானவை கிடைத்தன. "வேண்டும்" என்று சொன்ன பெரும்பாலானவை கிடைக்கவில்லை.

காகிதம் ஏன் கைக்கு வரவில்லை?

வழிகாட்டி காகிதத்தில் இருக்கிறது. நோயாளியின் இடுப்பு வரை வந்து சேரவில்லை. இதற்கு என்ன காரணம்? ஐந்து காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம், நேரம். ஒருவருக்குக் கருவியை மாட்டிவிட்டால், பத்து நிமிஷம் அது தானாக ஓடும். அதே நேரத்தில் இன்னும் மூன்று பேரைக் கவனிக்கலாம். ஒருவருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, தவறைத் திருத்தி, பயத்தைப் போக்க வேண்டுமானால் அரை மணி நேரமாவது பக்கத்திலேயே நிற்க வேண்டும். வரிசையில் முப்பது பேர் காத்திருக்கும்போது நிபுணர் என்ன செய்வார்?

இரண்டாவது காரணம், நம்முடைய எதிர்பார்ப்பு. "நடங்கள், பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பினால், "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கேட்கிறோம். பளபளப்பான இயந்திரத்தைப் பார்த்தால்தான் வைத்தியம் நடந்ததாக நமக்குத் திருப்தி.

மூன்றாவது காரணம், சீட்டு. சீட்டில் "பத்து நாள் கரண்ட்" என்று எழுதி வந்தால், வேறு சிகிச்சை நல்லது என்று தெரிந்த பிசியோதெரபி நிபுணர் கூட வாய் திறக்கத் தயங்குகிறார். டாக்டரும் அவரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை.

நான்காவது காரணம், பாஷை. வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றால் பயன் பெற வேண்டியவரோ தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவர்.

ஐந்தாவது காரணம்தான் மிகவும் கடுமையானது. அது கூலி. "வலி இருந்தாலும் இலேசான வேலையைச் செய்து வாருங்கள்" என்கிறது விஞ்ஞானம். இலேசான வேலையை யார் தருவார்? நிரந்தரத் தொழிலாளி லீவு போடலாம். வேலை மாற்றிக் கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டே வழிகள்தான். முழுப் பாரத்தையும் தூக்க வேண்டும்; அல்லது வீட்டில் இருக்க வேண்டும். தூக்கினால் வலி. வீட்டில் இருந்தால் பட்டினி. அவருக்கு வழிகாட்டியைப் படித்துக் காட்டி என்ன பயன்?

விக்டோரியா காட்டிய வழி

இந்தத் தடைகளை உடைக்க முடியாதா? உடைத்துக் காட்டிய ஊர் உண்டு.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா என்று ஒரு மாநிலம். வேலை செய்யும்போது இடுப்புவலி கண்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்துக் கொடுத்து அரசாங்கம் களைத்துப் போயிற்று. 1997-ல் அவர்கள் டெலிவிஷன் மூலம் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். "இடுப்புவலி வந்தால் படுத்துவிடாதீர்கள். நடமாடுங்கள். வேலையைத் தொடருங்கள்" என்பதே செய்தி. டாக்டர்களுக்கும் அதே யோசனைகள் எழுத்தில் அனுப்பப்பட்டன.

பலன் என்ன? ஜனங்களின் அபிப்பிராயம் மாறியது. டாக்டர்களின் பழக்கமும் மாறியது. நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் குறைந்தன. பிரசாரம் நடக்காத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் ஜனங்களின் நம்பிக்கையில் இப்படி மாறுதல் இல்லை. 2001-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

டாக்டருக்கு மட்டும் வழிகாட்டி கொடுத்தால் போதாது. பாட்டிக்கும் மனைவிக்கும் மேஸ்திரிக்கும் அதே செய்தி போக வேண்டும். ஊரே ஒரே வார்த்தை பேசினால்தான் நோயாளியின் பயம் தீரும்.

நெய்வேலிக்கு ஏற்ற திட்டம்

இதற்கு நெய்வேலியை விடப் பொருத்தமான ஊர் ஏது? அது திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரியம். வேலை செய்யும் இடம், குடியிருக்கும் இடம், பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் காலாகாலத்தில் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே செய்தியைக் கொண்டு சேர்க்க வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

என்ன செய்யலாம்? ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், படத்தோடு தமிழில் யோசனைகளை அச்சிடலாம். உடல் பரிசோதனைக்கு வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுக்கலாம். ஷிப்டு தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது இடுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் நாளில் ஒரு கணக்கு எழுதலாம். எவ்வளவு தூரம் நடக்கிறார்? எவ்வளவு நேரம் உட்காருகிறார்? நான்கு வாரம் கழித்து மறுபடியும் எழுதலாம். முன்னேற்றம் இல்லையென்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும். "எத்தனை நாள் கரண்ட் வைத்தோம்" என்பது கணக்கு ஆகாது. "எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள்" என்பதே கணக்கு.

மாதம் ஒரு முறை டாக்டரும் பிசியோதெரபி நிபுணரும் வேலை மேற்பார்வையாளரும் ஒரே மேஜையில் உட்காரலாம். பத்து நோயாளிகளின் குறிப்புகளைப் பார்க்கலாம். வழிகாட்டி சொன்னபடி நடந்ததா? நடக்கவில்லை என்றால் ஏன்? இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

இலேசான வேலை என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே தயாரிக்கலாம். அந்தப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். முதுகெலும்புக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் தெரியாது!

நகரியத்துக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தருவதோடு, வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிப்பதும் அதில் அடக்கம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. வாசலுக்கு வரும் பிசியோதெரபி நிபுணர் சரியான வழிகாட்டியைக் கையில் வைத்திருந்தால், சேத்துப்பட்டு செய்த அற்புதத்தை மறுபடியும் செய்யலாம். 2021-ல் மத்திய அரசும் பிசியோதெரபி போன்ற தொழில்களின் கல்விக்கும் தரத்துக்கும் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

முழங்காலுக்கும் இதுவே நீதி

ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு இடுப்பை விட முழங்கால்தான் பெரிய தொல்லை. "எலும்பு தேய்ந்துவிட்டது, நடக்காதே" என்று சொல்கிறார்கள். 2002-ல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரிடம் ஒரு வினோதமான சோதனை நடந்தது. சிலருக்குக் குழாய் விட்டு மூட்டின் உள்ளே சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். உள்ளே ஒன்றும் செய்யவில்லை! யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும் வலியில் வித்தியாசம் இல்லை.

2022-ல் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லாருக்கும் தக்க உடற்பயிற்சியை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. தொடக்கத்தில் கொஞ்சம் வலிக்கலாம். விடாமல் செய்தால் பலன் உண்டு என்கிறது. மூட்டு மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு மாற்று மூட்டு வைக்கும் ஆபரேஷன் உதவும். அது வேறு விஷயம்.

ஜாக்கிரதை!

இவ்வளவையும் படித்துவிட்டு, "எல்லா இடுப்புவலிக்கும் நடந்தால் போதும்" என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. சில அறிகுறிகள் ஆபத்தின் மணியோசை.

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனால், உட்காரும் இடம் மரத்துப் போனால், கால் பலம் இழந்துகொண்டே வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் தூங்கவிடாத வலி, உயரத்திலிருந்து விழுந்தபின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்பிலும் காசநோய் வருகிறது. மேல்நாட்டு வழிகாட்டியை அப்படியே காப்பி அடித்தால் இதைத் தவறவிடுவோம். எந்த வழிகாட்டியையும் நம் மண்ணுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள வேண்டும்.

நல்ல வைத்தியம் ஒரு முக்காலி போன்றது. ஆராய்ச்சியின் ருசு ஒரு கால். வைத்தியரின் அனுபவம் ஒரு கால். நோயாளியின் நிலைமையும் விருப்பமும் மூன்றாவது கால். ஒன்று முறிந்தாலும் முக்காலி சாய்ந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். "இந்தச் சிகிச்சையால் எனக்கு என்ன பலன்? இது இல்லாமல் தேறுமா? வீட்டில் நானே செய்ய வேண்டியது என்ன?" நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷப்படுவார்.

பூமிக்கு அடியில் கிடந்த நிலக்கரியை வெளியே கொண்டுவந்து வெளிச்சமாக்கிய ஊர் நெய்வேலி. புத்தகத்துக்கு அடியில் கிடக்கும் இந்த அறிவையும் அது வெளியே கொண்டுவரட்டும். தொழிலாளி நிமிர்ந்து நடக்கட்டும்!